மேல்கணக்கு, கீழ்க்கணக்கு

ஹந்தானைச் சரிவில் மூன்றாம் மாடி.
சன்னலுக்குக் கறுப்புத் துணி.
ஈயத்தாள் சுற்றிய குப்பிக்குள்
பச்சைச் சாயம் குடித்த துகள்கள்.
வேளைக்கு முந்தி வெளிச்சம் பட்டால்
வீணாய்ப் போகுமாம்.

பதினேழாம் எலிக்கு
வலது விலாவில் ஒரு கட்டி, இடதில் ஒன்று.
பதிவேட்டில் வலம், இடம்.
என் வாய்க்குள் மேல்கணக்கு, கீழ்க்கணக்கு.

நேற்று வாலில் ஊசி.
இன்று மேல்கணக்குக்கு மட்டும் ஒளி,
சிவப்பையும் தாண்டியது, கண்ணுக்குத் தெரியாது.
அட்டையை நீட்டினால்தான்
விழுந்த இடம் மினுங்கும்.
ஐந்து நிமிடம்.
மணி பார்ப்பது என் வேலை.

இப்படிச் சாகும் உயிரணு
சத்தமில்லாமல் சாவதில்லை.
ஒளித்து வைத்ததையெல்லாம்
வாசலில் கொட்டிவிட்டுச் சாகிறது.
ரோந்து வந்த அணு ஒன்று
அதிலொரு துண்டைக் கவ்விக்கொண்டு
நிணநீர்க் கணுவுக்கு ஓடும்.
அங்கே பிரட்டு.
இந்த மூஞ்சிதான், பார்த்து வையுங்கள்.

அந்தப் பிரட்டு எனக்குத் தெரியும்.
சம்பளப் போராட்டத்தில்
மேல்கணக்கில் கூடை கவிழ்ந்தால்
பத்து மணித் தேத்தண்ணிக்குள்
கீழ்க்கணக்கிலும் கவிழும்.
யார் போய்ச் சொன்னதென்று
துரைக்குக் கடைசிவரை தெரியாது.

போன வருசம் சேதி போயும் ஆள் அசையவில்லை.
கட்டி நீட்டிய பொய்த் துண்டைப் பார்த்துக்
காவல் திரும்பிப் போனது.
இம்முறை அந்தத் துண்டை மறைக்க
இரண்டாவது ஊசி.

பதினாலாம் நாள்.
கீழ்க்கணக்கு ஒன்பது மில்லிமீற்றர்
ஏழாகி, நாலரையாகி இருந்தது.
ஒளி ஒருபோதும் தொடாத பக்கம்.
சந்திமா மிஸ் மறுபடி அளக்கச் சொன்னார்.
மூன்றாந்தரம் தானே அளந்தார்.
கையுறையோடு தேத்தண்ணிக்குப் போய்
பாதியில் திரும்பி வந்தார்.

ஒளி மட்டும் வாங்கிய கூண்டில்
கட்டி வளர்ந்துகொண்டேயிருக்கிறது.
மருந்து மட்டும் வாங்கியதிலும்.
எல்லாம் வாங்கிய இருபத்திரண்டு
வெள்ளிக்கிழமை விறைத்துக் கிடந்தது.
அதையும் எழுதினோம்.

இரவு பொகவந்தலாவையிலிருந்து அண்ணன்.
அண்ணிக்கு மகரகமையில் நாலாவது ஊசி முடிந்ததாம்.
"ஒங்க வெளிச்சம் எப்ப புள்ள வரும்?"
"இப்ப எலிக்குத்தாண்ணே.
மனுசருக்கு இன்னும் வருசக்கணக்கு கெடக்கு."
சிரித்தான். இருமல் மாதிரி இருந்தது.
"நம்ம லயத்துக்கு எதுதான்
எலிக்கு முந்தி வந்துச்சு?"

நாளைய குப்பியை எடுத்தேன்.
ஈயத்தாளில் குண்டூசி முனையளவு ஓட்டை.
இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.