ஊதாமல் வாங்கிய ஐநூறு

ஈரோட்டில் மஞ்சள் மண்டிக்குப் பின்னால் ஒத்திகை.
அந்த வாரம் முழுக்க
எந்தப் பாட்டை ஊதினாலும்
நாக்கில் பச்சை மஞ்சள்.
திருப்பூர் என்றால் பஞ்சு.
ரெண்டு கச்சேரி சேர்ந்தாற்போல் ஊதினால்
தொண்டைக்குள் ஒரு பனியனே தைத்துவிடலாம்.

பல்லடம் பக்கம் ஆடி மாதத்தில்
திறந்தவெளி மேடை போடுகிறவனுக்குக்
காதே கிடையாது என்பார் ஜெர்வாஸ்.
நோட்டுத் தாள்களைத் துணி கிளிப்பால் கவ்வி வைப்போம்.
வாயை எடுத்த பின்னும் சாக்ஸ்
தானாக முனகிக்கொண்டிருக்கும்.
'கணவாய்க் காத்துக்கும் ஒரு சம்பளம் போடுங்க'
கணக்கு முடிக்கும்போது ஜெர்வாஸ் சொன்னார்.
கமிட்டிக்காரர் சிரிக்கவில்லை.
மைக் விழுந்ததற்கு இருநூறு பிடித்துக்கொண்டார்.

ஜெர்வாஸ் டிரம்ஸ். போத்தனூர் ரயில்வே காலனி.
சென்னியப்பன் பேஸ் கிட்டார்.
ஒரு காதை விசைத்தறிக்குக் கொடுத்தாயிற்று,
மிச்சமிருந்ததை
ஜெர்வாஸின் கால் கட்டைப் பக்கம் திருப்பி நிற்பார்.
காஜா மைதீன் தபலா.
எல்லாப் பாட்டும் ஞாபகம் இருக்கும்,
சுத்தியலை வைத்த இடம் தவிர.
திருமூர்த்தி கீபோர்டு, உடுமலைக்காரர்.
ஒன்பது வருசத்தில் அவர் என்னிடம் பேசியதை
ஒரு சிகரெட் அட்டையில் எழுதிவிடலாம்.

கவுந்தப்பாடியில் ஒரு வெல்ல மண்டிக்காரர் வீட்டு வரவேற்பு.
இரண்டாவது பாட்டு.
ஆரம்பமே என்னுடையது, பதினாறு மாத்திரை, தனியாக.
அதற்கு ஒரு நிமிசம் முன்னால்
ரீடு பிளந்துவிட்டது.
மாற்று ரீடு டப்பா வேனில்.
வேன், சுகுணாவதியைக் கூட்டிவர
கோபி பஸ் ஸ்டாண்டில்.

ஜெர்வாஸ் குச்சியைத் தட்டி எண்ணிவிட்டார்,
ஒன்று, ரெண்டு, மூன்று.
வேறு வழியில்லாமல் வாயில் வைத்தேன்.
சத்தம் வந்தது.

என்னுடையதல்ல.
திருமூர்த்தி மின்விசிறியைப் பார்த்தபடி
வலது கையால் மட்டும்
என்னை வாசித்துக்கொண்டிருந்தார்.
நான் மூச்சு வாங்கும் இடத்தில் நின்று,
நான் இழுக்கும் இடத்தில் இழுத்து.
மூன்றாவது வரி முடிவில்
எப்போதும் எனக்குச் சறுக்கும் ஒரு ஸ்வரம் உண்டு.
யாருக்கும் தெரியாது என்று
நான் நினைத்துக்கொண்டிருந்த ஸ்வரம்.
அங்கேயும்
சரியாக என் அளவுக்குச் சறுக்கினார்.

கன்னத்தை உப்பினேன். விரல்களை ஓட்டினேன்.
கண்ணைக்கூட மூடினேன், வெட்கமில்லாமல்.
காஜா ஒரே ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.
அப்புறம் தபலாவுக்குள் குனிந்துகொண்டார்.

சாப்பாட்டுப் பந்தியில் மண்டிக்காரர்
நேராக என்னிடம் வந்தார்.
'ஏனுங்க சாக்ஸுக்காரரே,
அந்த எடத்துல எனக்கு அழுகாச்சியே வந்துபோச்சுங்க.'
ஐநூறு ரூபாய். கூடவே
ஓலைப்பாயில் சுற்றிய அச்சு வெல்லம்.
வேண்டாம் என்று சொல்ல
வாய் நிறைய அரிசிம்பருப்பு.
அதுதான் காரணம் என்று
இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பவானி தாண்டி வேன் இருட்டில் போகும்போது
நோட்டைத் திருமூர்த்தி மடியில் வைத்தேன்.
திருப்பி என் சட்டைப் பையில் செருகினார்.
'ரீடு வாங்குங்க.'
வெல்லத்தை மட்டும் உடைத்து
எல்லோருக்கும் கொடுத்தார்.
சென்னியப்பன் மட்டும் கேட்டார்,
'இன்னைக்கு உங்க சத்தம் ஒரு மாதிரி நல்லா இருந்துச்சே, என்ன பண்ணினீங்க?'
ஜெர்வாஸ் சிரித்து சிரித்து
வெல்லம் புரையேறி
வேனையே நிறுத்த வேண்டியதாயிற்று.

ரீடு வாங்கினேன். ஒரு பெட்டி.
அந்தச் சறுக்கலையும் விடவில்லை.
கதவைச் சாத்திக்கொண்டு,
பக்கத்து வீட்டு நாய் எழுந்து போகும் அளவுக்கு
இரண்டு மாதம்
அந்த ஒரு வரி மட்டும்.

வெள்ளகோவில் கச்சேரியில் சுத்தமாக வந்தது.
எண்ணெய்போல.
கேபிள் சுருட்டும்போது திருமூர்த்தி பக்கத்தில் வந்து நின்றார்.
பாராட்டப் போகிறார் என்று
முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.

'அந்த எடம் எங்கீங்க போச்சு?' என்றார்.