மாங்குளம் – யாழ்ப்பாணம், நாளை

கரண்ட் பில்லின் முதுகில் எழுதுகிறேன்:
ஐந்தேகாலுக்கு வெளிக்கிடல்.
சந்தி ஷெட்டில் பெற்றோல், ஐயாயிரத்துக்கு.
முறிகண்டியில் சில்லறைக் காசு, கச்சான்.
பிள்ளையாரிடம் நிறுத்தாமல் போக
இன்னும் துணிவில்லை எனக்கு.

லைசன்ஸ் எடுத்துப் பதினாறு நாள்.
பக்கத்துச் சீற்றில் நீ, தயாபரா,
இல்லாத பிறேக்கை மிதித்தபடி வருவாய்.
மாடு குறுக்கறுக்கும் இடம்,
பொலிஸ் ஒளித்து நிற்கும் பாலைமரம்
எல்லாம் சொல்லிவிட்டாய்.

ஒன்றரை மணித்தியாலம் என்கிறது போன்.
இதே பயணத்துக்கு அம்மா,
வயிற்றில் என்னோடு,
ஒரு முழு இரவு கிளாலி வள்ளத்தில்
குனிந்தபடி இருந்தவ.
அதையும் ஓரத்தில் எழுதிப் பார்த்தேன்.
வெட்டிவிட்டேன்.

ஆனையிறவில் கண்ணாடியை இறக்காதை,
உப்புக்காத்து, ஏசி போட்டிருக்கு, என்கிறாய்.
தலையாட்டுகிறேன்.
எழுதவில்லை.