ஏழாம் மாடி யமாஹா

ஜெலுத்தோங்கில் பழைய இரும்புக் கடைக்காரன்
கிட்டத்தட்ட எடை போட்டுத்தான் விற்றான்.
மழையில் நனைந்து நனைந்து
கிக்கர் இறுகிப்போன யமாஹா,
நூற்று முப்பத்தைந்து சிசி, டூ ஸ்ட்ரோக்.
கிராண்ட் இருக்கு, அதுவே பெரிசு என்றான்.
தொள்ளாயிரம் வெள்ளி.
என் நைட் ஷிப்ட் அலவன்ஸ், மூன்று மாதம்.

கீழே நிறுத்தினால் காலையில் டயர் மட்டும் இருக்கும்,
சில நேரம் அதுவும் இராது.
ஆகவே வீட்டுக்கே கொண்டுபோனேன்,
துண்டு துண்டாக.
டாங்க் ஒரு நடை. ஃபோர்க் ஒரு நடை.
எஞ்சினை மார்க்கெட் டிராலியில் வைத்துப்
பச்சைத் துண்டு போர்த்தினேன்.
லிஃப்டில் மக்சிக் ரொக்கியா கேட்டார்:
"டுரியானா?"
"அதைவிடக் கனம்."

புவனேந்திரன் ஒன்றும் சொல்லவில்லை.
செருப்பு ராக்கை பால்கனிக்கு நகர்த்தினான்.
அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.
அவன் வேறு அர்த்தத்தில் நகர்த்தியிருக்கலாம்.

பாயான் லெப்பாஸில் பன்னிரண்டு மணி நேரம்
மைக்ரோஸ்கோப்புக்குள் குனிந்து
முடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகளில்
பிழை தேடிப் பிழைப்பவள் நான்.
வீட்டுக்கு வந்தும் அதே கண்தான்.
கார்புரேட்டரின் ஜெட் துளையில்
எந்த வருடத்துப் பெட்ரோலோ
பச்சையாய்க் காய்ந்து கிடந்தது.
பக்கத்து வீட்டில் தூண்டில் நரம்பு
அரைச் சாண் வாங்கி நுழைத்தேன்.
அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தபோது
ஞாயிற்றுக்கிழமை முடிந்திருந்தது.

பேரிங்கை அடித்து ஏற்றக்கூடாது.
இரவெல்லாம் ஃப்ரீசரில் கிடந்தது,
கெம்போங் மீனுக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவே.
கிரேங்க் கேஸ் ஓவனில்,
தீபாவளிக்கு நெய் பிஸ்கட் சுட்ட அதே தட்டில்.
இரண்டு கை போதாமல் அவனை எழுப்பினேன்.
குளிர்ந்ததை அவன் நீட்ட
சுட்டதை நான் பிடிக்க
டொக்.
உட்கார்ந்துவிட்டது.
"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான்."
அன்று பல் விளக்காமலே டீ குடித்தோம்.
மறுநாள் மீன் குழம்பில் கிரீஸ் வாசம் என்று
தட்டைத் தள்ளினான்.
வாசம் இருந்தது, உண்மைதான்.

நிறத்தில் மட்டும் எனக்குப் பிடிவாதம்.
சின்ன வெங்காயத் தோல் ஒன்றைப்
பர்சில் வைத்துப் பெயிண்ட் கடைக்குப் போனேன்.
டெக் செங் அதை வெயிலில் தூக்கிப் பார்த்தான்:
"காய்ந்த பக்கமா, ஈரப் பக்கமா?"
இப்படி ஒரு கேள்வியை
என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.
ஈரப் பக்கம்.
கிராண்டில் இன்னும் கறுப்பு என்று இருக்கிறது.
ஜேபிஜே பட்டியலில் வெங்காயம் இருக்காது.
ஊங்கு என்று எழுதுவார்கள். ஊதா.
எழுதட்டும்.

பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே
மில்லிமீட்டரை நூறாக்கி அதில் ஐந்தை அளந்தவள்
லிஃப்டை அளக்கவில்லை.
துண்டாக ஏறியது
முழுசாக இறங்க மறுத்தது.
முன் சக்கரம் உள்ளே, பின் சக்கரம் வெளியே.
கதவு வந்து வந்து
டயரை முட்டிவிட்டுத் திரும்பியது.
புவனேந்திரன் உள்ளே போய்
தானாகவே ஸ்பானர் பெட்டியை எடுத்துவந்தான்.
திறந்தான். மூடினான்.
"நிமிர்த்து" என்றான்.

பின் சக்கரத்தில் நிறுத்தினோம்.
முன்னங்கால் தூக்கிய குதிரை என்றெல்லாம் சொல்லமாட்டேன்.
ஃப்ரிட்ஜ் தூக்குகிற ஆளாட்டம் நான் டாங்கைக் கட்டிக்கொண்டேன்.
அவன் முதுகால் சீட்டுக்கு முட்டுக் கொடுத்தான்.
ஹெட்லைட் போய்க் கூரையைப் பார்த்தது.

நான்காம் மாடியில் கதவு திறந்தது.
கையில் கங்கோங் கட்டோடு மக்சிக் ரொக்கியா.
எங்களைப் பார்த்தார், ஊதாவைப் பார்த்தார்,
வயிற்றை எக்கிக்கொண்டு
உள்ளே வந்துவிட்டார்.
"டுரியான் பழுத்துவிட்டதா?"

மூன்று. இரண்டு.
கியர் ஆயில் ஒரு சொட்டு என் தோளில் விழுந்தது.
பெட்ரோல் இன்னும் ஊற்றவில்லை.
ஒருமுறைகூட உதைத்துப் பார்க்கவில்லை.