இடுப்பில் வெட்டுப்பட்ட குதிரை

வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
கைக்குழந்தையைப் போலக் கம்பளியில் சுற்றி
கன்சோலைக் கொண்டுவந்தார் துல்மா.
உலான் பத்தூரில் டிராலி பஸ் ஓட்டுகிறவர்.
இரவுப் பணியை இன்னும் இறக்கி வைக்காத கண்கள்.

"போட்டுப் பாரேன், உனக்கே தெரியும்."

முடியாது அக்கா.
குளிரில் வந்த பெட்டி
சூடான அறையில் வியர்க்கும்.
வியர்வை காயாமல் கரண்ட் கொடுத்தால்
எனக்கு வேலையும் இருக்காது
உங்களுக்குப் பெட்டியும் இருக்காது.
இரண்டு மணி நேரம் பொறுங்கள்.

என் கன்டெய்னர் கடையில் ஒரே ஒரு ஸ்டூல்.
உட்கார்ந்து நோயைச் சொன்னார்:

"நேராகப் போனால் ஒன்றும் இல்லை.
சட்டென்று திருப்பினால்
குதிரை இடுப்போடு வெட்டுப்படுகிறது.
தலையும் பிடரியும் திரும்பிவிட்டன,
கால்கள் இன்னும் பழைய திசையில்.
நடுவே ஒரு கோடு.
கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒட்டிக்கொள்ளும்.
என் கண்தான் கெட்டுவிட்டதோ என்று
டிப்போ டாக்டரிடம் போனேன்.
கண்ணாடி எழுதிக் கொடுத்தார்.
இப்போது வெட்டு தெளிவாகத் தெரிகிறது."

"அப்புறம், ஊருக்குள் நுழைய வேண்டும் என்றால்
அந்த வட்டம்.
உப்புத் தேநீர் கொதித்து
ஆற்றிக் குடித்து
கோப்பையைக் கழுவிக் கவிழ்த்த பிறகும்
சுற்றிக்கொண்டே இருக்கும்."

பெட்டி காய்ந்தது. திறந்தேன்.
ஃபேனில் ஒரு குளிர்காலம் முழுக்கப் படிந்திருந்தது:
மலைச்சரிவு வீடுகளின் அடுப்புக்கரி,
அவருடைய பூனையின் வெள்ளை முடி,
ஒரு பஸ் டிக்கெட்டின் கால்வாசி.
தூரிகையால் வழித்து எடுத்தேன்.
மூச்சு முட்டினால் எந்தச் சில்லும் நடையைக் குறைக்கும்.

ஹார்டு டிஸ்க்கைக் காதருகே வைத்தேன்.
டிக். டிக். டிக்.
விலாசம் மறந்தவன் கதவு கதவாகத் தட்டுகிறான்.
இதை மாற்றத்தான் வேண்டும் என்றேன்.
"என் குதிரை?"
வரும். இருநூற்றுப் பதினேழு மணி நேரமும் வரும்.
புதிய எஸ்எஸ்டிக்கு எல்லாம் குடிபெயர
நூறு நிமிடம் ஆனது.
அவர் ஸ்டூலிலேயே தூங்கிப்போனார்.

எழுந்ததும் சொன்னார்:
"வெட்டுக்குக் காரணம் கம்பிதான்.
மேலே கம்பி நழுவினால் என் பஸ் நின்றுவிடும்.
நானே இறங்கிக் கழியால் மாட்டுவேன்."
அவர் திருப்திக்காக
மூன்று ஹெச்டிஎம்ஐ கேபிள் மாற்றிக் காட்டினேன்.
மூன்றிலும் குதிரை இரண்டாக வந்தது.

கம்பி இல்லை அக்கா. டிவி
நொடிக்கு அறுபது முறை படம் வாங்கும்,
மேலிருந்து கீழே, வரிவரியாக.
பாதி வாங்கிக்கொண்டிருக்கும்போதே
பெட்டி அடுத்த படத்தைத் திணிக்கிறது.

கொஞ்ச நேரம் யோசித்தார்.
"ஆள் ஏறி முடிக்கும் முன்னே
கதவைச் சாத்துகிற டிரைவர்."

இதைவிடச் சரியாக
யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஆட்டத்தின் செட்டிங்ஸைத் திறந்து
வேகம் என்றிருந்ததைத் தரம் என்று மாற்றினேன்.
அறுபது முப்பதானது.
குதிரை திரும்பியது.
கொஞ்சம் கனமாக, சேற்றில் நடப்பதுபோல,
ஆனால் தலையோடு காலும் சேர்ந்து.

"ஒரே பெட்டி," என்றார்,
"ஒரு நோய்க்கு வேகத்தைக் கூட்டினாய்,
இன்னொன்றுக்குக் குறைத்தாய்.
குறைத்ததற்கும் காசா?"
எஸ்எஸ்டிக்கு மட்டும் வாங்கிக்கொண்டேன்.

கிளம்பும் முன் ஒருமுறை ஊருக்குள் நுழைந்து பார்த்தார்.
பழக்கத்தில் கை ஃபிளாஸ்க்கைத் தேடிப் போனது.
மூடியைத் திருகி முடிப்பதற்குள்
சந்தையும் கோபுரமும் கூவி விற்கிறவர்களும்
வந்து நின்றுவிட்டார்கள்.
திறந்த ஃபிளாஸ்க்கை என்ன செய்வதென்று தெரியாமல்
எனக்கு ஊற்றிக் கொடுத்தார்.

இரவு பத்தரைக்குப் போன்.
"திரையின் மேல் ஓரத்தில்
இன்னும் ஒரு கோடு. மயிரிழைதான், எப்போதாவது."
டிவி பழசு அக்கா, அதற்குக் காத்திருக்கத் தெரியாது,
புதிதாக வாங்கினால் போய்விடும்.

பின்னணியில் குளம்புச் சத்தம் கேட்டது.
"இருக்கட்டும் விடு.
வானத்தில்தானே வெட்டுகிறது,
குதிரைக் காதுக்கு மேலே."