மாணவர் 3

சனிக்கிழமை நாலே முக்காலுக்குக் கேத்தியில் ஏறினால்
குன்னூரில் ஒரு டீ.
பர்லியாரில் காது அடைத்துத் திறக்கும்.
மேட்டுப்பாளையம் வருவதற்குள் ஸ்வெட்டரைக் கழற்றி
உளவியல் புத்தகத்துக்கும் தயிர்சாதத்துக்கும் நடுவே திணிப்பேன்.
முப்பத்தாறு வயதில் முதுகலை.
அந்த வகுப்பில் என்னைவிட மூத்தது
மின்விசிறி மட்டும்.

சிறப்புக் கல்வி என்று சொன்னால்
"சிறப்பாப் படிக்கிற பிள்ளைங்களுக்கா?" என்பார்
கேரட் லோடு ஓட்டும் என் கொழுந்தனார்.
இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள்
வண்டி கிளம்பிவிடும்.

ஒரு செயலை அதன் எலும்புவரை பிரிக்க
அங்கேதான் கற்றேன்.
கை கழுவுவது பதினான்கு படி.
சட்டைப் பொத்தான் ஒன்பது.
பெயர் எழுதுவதை
யாரும் பிரித்துத் தரவில்லை.
நானே பிரித்தேன், பவுலுக்காக.

பவுலுக்குப் பதினொரு வயது.
அவன் அம்மா எஸ்தர்
பாலாடாவில் கேரட் கழுவுமிடத்தில் விடியுமுன் நிற்பவள்.
நான் வீட்டுக்குப் போகும் நேரத்தில்
அவள் விரல்கள் ஊறிச் சுருங்கி
வேறு யாருடையவோ போல இருக்கும்.

ப என்றால் மூடியில்லாத கேரட் பெட்டி என்றேன்.
உடனே பிடித்துக்கொண்டான் என்று எழுத ஆசை.
ஏழு வாரம்.
பெட்டி சரிந்தது, கவிழ்ந்தது,
ஒருநாள் அடியே இல்லாமல் வந்தது.
"லோடு பூரா ரோட்டுல" என்று எஸ்தர் சிரித்தாள்.
வு-வின் வால் மழைக்காலம் முழுவதையும் தின்றது.
ல் மட்டும் ஓடி வந்தது,
அதன் தலையில் புள்ளி இருந்ததால்.
பென்சில் தாளைத் தாண்டி, பாயைத் தாண்டி
தரையைத் தொட்டால்தான் அவனுக்கு அது புள்ளி.
ஆதார் அட்டைக்கு ஒன்று வைத்தான்,
என் கடிகாரக் கண்ணாடிக்கு ஒன்று.

உறைபனி விழுந்த ஒரு பிப்ரவரி காலை
யாரும் கை பிடிக்காமல்
பவுல் என்று எழுதினான்.
எழுதிவிட்டுப் பென்சிலைக் கடித்தான், அவ்வளவுதான்.
நான்தான் வெளியே போய்
கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருந்தது.

வழிகாட்டி நல்லவர்.
சிவப்பு மையில் மூன்றே சொல்:
"பெயர் வரக் கூடாது."
சரிதான். ஆய்வு அறம் தாளில்
எழுபத்தெட்டு வாங்கியவள் நான்.
கணினி மையத்தில் ஒரே தட்டு.
தேடு, மாற்று.
இருநூற்றுப் பன்னிரண்டு இடங்களில்
பவுல் மாணவர் 3 ஆனான்.
எட்டு மாதம் ஏற்றியதை இறக்க
இரண்டு நொடி.

கட்டுப் போடுமுன் தாள்களை எடுத்துப் போனேன்,
எஸ்தரின் கையெழுத்து ஒன்று பாக்கி.
ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் புரட்டினாள்.
"இவன் பேரு எங்கக்கா?"
விதிமுறை, பாதுகாப்பு, நாளைக்கு யாராவது
ஒன்று சொல்லிவிட்டால் என்று
இழுத்துக்கொண்டிருந்தேன்.
அதற்குள் பவுலின் விரல் பக்கத்தில் இறங்கியிருந்தது.
பயிற்சி.
தன் நெஞ்சைத் தட்டினான்.
பகுப்பாய்வு.
மூன்று முறை தட்டினான்.
பரிந்துரைகள், பின்னிணைப்பு, பக்க எண்;
பெட்டி கண்ட இடமெல்லாம் அவன்.
பழக்கதோஷம், நானும் எண்ணினேன்.
அந்த ஒரு தாளில் முப்பத்தொன்பது.
எந்த அட்டவணையில் ஏற்றுவதென்று தெரியவில்லை.

பிறகு என் பேனாவைப் பிடுங்கி
மாணவர் 3-இன் தலையில்
ஒரு புள்ளி வைத்தான்,
தாள் துளைய.

அந்தப் பக்கத்தை மறுபடி அச்சடிக்க நாலு ரூபாய்.
அச்சடிக்கவில்லை.
வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர்
தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார்.
"இது என்னம்மா, ஓட்டை?"

பெயர் சொல்லக் கூடாது.
பிரிண்டர் கோளாறு சார், என்றேன்.