கசிவுக் கணக்கு

மூணாறு தலைப்பில் எனக்கு வேலை.
வெண்ணாறு வந்து மூன்றாய்ப் பிரியும் இடம்.
காலை ஆறு மணிக்கு அளவுகோலைப் பார்த்துப்
பதிவேட்டில் எழுதுவேன். மாலை ஆறுக்கும்.
நடுவில் எவனாவது ராத்திரி ஷட்டரைத் தூக்கியிருந்தால்
அதையும் எழுதுவேன், பேர் போடாமல்.

செங்கமலம் இன்சூரன்ஸ் ஏஜென்ட்.
நீடாமங்கலத்தில் அவள் படி ஏறாத வீடு
இரண்டோ மூன்றோ இருக்கலாம்.
இந்த வருஷம் இலக்கைத் தாண்டிவிட்டாள்.
கம்பெனி பாங்காக் அனுப்புகிறது,
நாலு நாள், ஏஜென்டுக்கு மட்டும்.
தங்க, தின்ன அவர்கள் பொறுப்பு.
கைச்செலவு நம்முடையது.
"எந்தக் கார்டுன்னு நீங்க பாருங்க,
தண்ணிக் கணக்குப் போடுறவர்தானே."

பார்த்தேன்.

மன்னார்குடி பேங்கில் ஜெபமணி சார்
"இருக்கிற கார்டே போதும், உலகம் பூரா செல்லும்" என்றார்.
செல்லும்தான்.
நூற்றுக்கு மூன்றரை மாற்றுக்கூலி,
அந்தக் கூலிக்கு மேல் வரி,
மெஷினில் எடுத்தால் தடவைக்கு ஒரு தண்டம்,
அந்த ஊர் மெஷின் தனக்கென்று இன்னொன்று.
முன்கூட்டியே பணம் நிரப்புகிற கார்டும் உண்டாம்.
நிரப்பக் காசு, மிச்சத்தைத் திரும்ப வாங்கக் காசு,
சும்மா வைத்திருந்தால் அதற்கும் காசு,
தரிசுக்குத் தீர்வை கேட்கிற மாதிரி.

பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டேன்.
மேட்டூரில் திறந்ததை இங்கே எவன் முழுசாய்ப் பார்த்தான்?
மணல் குடிக்கும், வெயில் குடிக்கும், நாணல் குடிக்கும்,
கணக்கில் வராத மோட்டார் குடிக்கும்.
முத்துப்பேட்டைப் பக்கத்துக் கடைமடைக்காரன்
காய்ந்த வாய்க்காலில் செருப்போடு நடந்து வந்து கேட்பான்,
"விட்டேன்னு சொன்னீங்களே?"
விட்டது வேறு. போய்ச் சேர்வது வேறு.

கோலாலம்பூருக்கு வாய்தாவுக்குப் போவதுபோல்
போய்வருகிறவர் கூத்தாநல்லூர் ரகீப்.
பைக்கை விட்டு இறங்காமலே சொன்னார்:
"மாத்துக்கூலியே இல்லாத கார்டு இருக்கு மச்சான்,
போன்லயே வாங்கிடலாம்.
மெஷின்ல கொஞ்சம் கொஞ்சமா எடுக்காம
ஒரே தடவையா எடுக்கச் சொல்லு.
அப்புறம் கடையில மெஷினை நீட்டி
உங்க ஊர் பணமா எங்க ஊர் பணமான்னு கேக்கும்.
அவன் ஊர் பணம்னுதான் அமுக்கணும்.
நம்ம ரூபான்னா அவன் வச்சதுதான் விலை."

கார்டு எட்டாம் நாள் வந்தது, பாசிப் பச்சையில்.
வெளிநாட்டில் செல்ல போனில் ஒரு பொத்தானைத் திறக்க வேண்டும்,
எதுவரை என்றும் குறிக்கலாம். நம்ம ஷட்டர்தான்.
இருபதாயிரத்தில் நிறுத்தினேன்.
அவள் இருபத்தைந்து என்றாள்.
இருபத்திரண்டு.
ஜெபமணி சார் கார்டைப் பையின் வேறு அறையில் போட்டேன்,
ஒன்று மக்கர் பண்ணினால் இன்னொன்று.
"பாட்" என்று மூன்று தடவை சொல்லச் சொன்னேன்.
சொன்னாள், கோயில் அர்ச்சனையில்
நட்சத்திரம் சொல்வதுபோல்.

மூன்றாம் நாள் ராத்திரி போன்.
"குடை ஒண்ணு, செருப்பு ரெண்டு சோடி வாங்கினேன்.
மெஷின்ல நம்ம ரூபாய்க் குறி வந்துச்சுங்க.
மூணு நாளா இந்த ஊர்ல ஒரு போர்டு படிக்க முடியல.
அதைப் பார்த்ததும் கை தானா அமுக்கிடுச்சு."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு
நூற்றி நாற்பத்தாறு அதிகம்.
சொல்லாமல் இருந்ததையும் கேட்டுவிட்டாள்.
"வைக்கிறேன்" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் படம் ஒன்று வந்தது.
பெரிய ஆறு, ஆடி மாதத் தண்ணி நிறம்,
படகுத்துறைத் தூணில் அளவுகோல்.
"இது எத்தனை கன அடிங்க?"

விரல் வைத்துப் பெரிதாக்கினேன்.
அவர்கள் எழுத்து. எண் மட்டும் தெரிந்த எண்.
ஒன்று புள்ளி எட்டு மீட்டர்.
எங்கள் கோல் இன்னும் அடிக்கணக்கு.
ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு என்று மாற்றினேன்,
கூலி இல்லாமல்.
அகலம் தெரியாமல் கன அடி சொல்ல முடியாது என்று அனுப்பினேன்.
"நம்ம கோரையாறு பத்து போடுங்க."

காலை ஆறு மணிக்கு நீர்மட்டம் எழுதினேன்.
பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பி
146 என்று போட்டு, எதிரே
கசிவு என்று எழுதினேன்,
பேர் போடாமல்.