பாகம் பிரியாதது

காளவாசல் சிக்னலுக்கு மேற்கே
எட்டாவது கடை என்னுடையது.
ஒன்பதாவது அண்ணன் சோணைமுத்துவுடையது.
நடுவில் நாலரை அங்குலச் சுவர்,
பதினொரு வருடம்,
சப்-கோர்ட்டில் ஒரு வழக்கு நம்பர்.

பிரித்தபோது
பிவிசி பைப்பும் ஃபிட்டிங்ஸும் எனக்கு,
மோட்டாரும் கேபிளும் அவனுக்கு.
ஐயாவின் தேக்கு மேசையை அறுத்துவிடலாமா என்று
பஞ்சாயத்தில் ஒருவர் கேட்டார்.
அறுக்கவில்லை.
அது இப்போது வக்கீல் வீட்டில் இருக்கிறது.

போன செவ்வாய், மாடிப்படி ஏறும்போது
தாடைக்குக் கீழே யாரோ
ரெஞ்ச் வைத்துத் திருகினார்கள்.

லேப்பில் எஸ்தர் என்ற பெண்
கைமடிப்பைத் தட்டித் தட்டி நரம்பு தேடினாள்.
நாலு குப்பி.
ஒரு மூடி சரியாக உட்காரவில்லை என்று
நான்தான் சொன்னேன். தொழில் புத்தி.

டாக்டர் தாளை விரித்தார்.
"கொழுப்பு ரொம்ப மோசமில்ல.
சி.ஆர்.பி. கொஞ்சம் கூட.
உள்ள எங்கயோ புகையுதுன்னு வச்சுக்கங்க.
ஆனா இதப் பாருங்க."
பேனாவால் வட்டம் போட்டார்.
லைப்போபுரோட்டீன் ஏ.
நூற்று அறுபத்தெட்டு.
எழுபத்தைந்துக்குள் இருக்க வேண்டியது.

எனக்குக் குழாய் தெரியும்.
விரகனூர்ப் பக்கம் போர் தண்ணீர் ஓடிய ஜி.ஐ. பைப்பை
அறுத்தே காட்டியிருக்கிறேன்.
வெளியே ஒன்றரை இஞ்ச் என்றிருக்கும்,
உள்ளே சுண்டுவிரல் போகாது.
உப்பு ஒருநாளும் சத்தம் போட்டுப் படிவதில்லை.
மேல்மாடி ஷவர் மெலியும்போது
வீட்டுக்காரர் மோட்டாரைத்தான் திட்டுவார்.

"ஆசிட் ஊத்திக் கழுவுற மாதிரி
எதுவும் இல்லையா சார்?"
சிரித்தார்.
"நடை, பத்தியம், எதுக்கும் இது பெருசா அசையாது.
பிறக்கும்போதே வந்தது.
சுத்தி இருக்கிற மத்ததை எல்லாம் இறக்குவோம்.
அப்பா எப்படி?"

ஐயா நாற்பத்தொன்பதில்.
எல்போ எண்ணிக்கொண்டிருந்தார்.
முப்பத்தாறு என்றார்.
முப்பத்தேழு சொல்லவில்லை.
கண் பட்டுவிட்டது என்றார்கள், புதுக்கடை அப்போது.
செய்வினை என்றாள் சின்னம்மா.
'காலையில நீ அவரோட சண்டை போட்டேல்ல'
என்றான் அண்ணன்.
செங்கல் பிறகுதான் வந்தது,
சுவர் அன்றே எழும்பிவிட்டது.

"கூடப் பிறந்தவங்க இருந்தா
கட்டாயம் பார்க்கச் சொல்லுங்க."

கடையில் வந்து உட்கார்ந்தேன்.
பத்திரத்தில் நூற்றுப் பன்னிரண்டு அயிட்டம்,
சாக்கு ஊசி வரை எழுதிப் பிரித்தோம்.
இதை யாரும் எழுதவில்லை.
அவனுக்கும் வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம்,
பூவா தலையா என்றார் டாக்டர்.
பத்திர எழுத்தருக்கே தெரியாமல்
கைமாறிய சொத்து.

சுவருக்கு அந்தப் பக்கம் இருமுகிறான்.
ஐம்பத்திரண்டு வயது, இன்னும் சிகரெட்.
அவன் கடையிலிருந்து இந்தச் சத்தம் ஒன்றைத்தான்
பதினொரு வருடமாக
நான் காசு கொடுக்காமல் வாங்குகிறேன்.

போனில் அவன் பெயர் 'எதிர்த்தரப்பு'.
விரல் போகவில்லை.
ஒரு பில்லைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினேன்:
லைப்போபுரோட்டீன் ஏ. ரத்தப் பரிசோதனை.
வெறும் வயிறு தேவையில்லை,
கறிதோசை தின்றுவிட்டும் போகலாம்.
ஐயாவுக்கும் இதுதான் இருந்திருக்கும்.
நீ இல்லை, நானும் இல்லை.
கடைசி வரியை அடித்தேன்.
மறுபடி எழுதினேன்.

கடைப்பையன் கொண்டுபோனான்.
டீ ஆடை கட்டியது.
முக்கால் இஞ்ச் டீ-ஜாயின்ட் கேட்டு வந்தவருக்கு
ஒரு இஞ்ச் எடுத்துக் கொடுத்தேன்.

பில் திரும்பி வந்தது.
கோர்ட்டு மனுக்களில் பார்த்த கையெழுத்துதான்,
கொஞ்சம் சாய்ந்து:
'எவ்வளவு?'

டெஸ்ட்டின் விலையைக் கேட்கிறானா,
என் எண்ணைக் கேட்கிறானா.

ஒன்றின் கீழ் ஒன்றாக
இரண்டையும் எழுதி
அடியில் கோடு போட்டேன்.
கூட்டவில்லை.